வாடகை மைதானம்: லாபம் யாருக்கு?

இரண்டு முறை இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி.க்குச் சொந்தமாக ஒரு ஸ்டேடியம் இல்லை. இந்தியாவின் பெரும்பாலான கால்பந்து கிளப்புகளுக்கும் இல்லை. இது பலவீனமா, புத்திசாலித்தனமா?

2015 டிசம்பர். சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. சென்னையின் எஃப்.சி. அப்போது இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதிக்கு வந்திருந்தது. முதல் ஆட்டம் பெரியமேடு ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் நடந்திருக்க வேண்டும். வெள்ளத்தால் அது புனேயின் பாலேவாடி ஸ்டேடியத்துக்கு மாறியது. இன்னொரு மாநிலத்தில் 'உள்ளூர்' அணியாக இறங்கிய சென்னை, கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. அதே மாதம் கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கோவாவை 3-2 என்று தோற்கடித்துக் கோப்பையையும் தூக்கியது.

2019-ல் அந்த கிளப் முதல்முறையாக ஆசியப் போட்டியான ஏ.எஃப்.சி. கோப்பையில் ஆடியது. உள்ளூர் ஆட்டங்கள் நடந்த இடம் அகமதாபாத். இலங்கையின் கொழும்பு எஃப்.சி.யை எதிர்த்த தகுதிச் சுற்றின் உள்ளூர் ஆட்டமும் அங்கேதான். சென்னையிலிருந்து கொழும்பு பக்கம், அகமதாபாத்தான் தூரம். ஆசிய அளவில் தன் அணி ஆடுவதைச் சென்னை ரசிகர் டி.வி.யில்தான் பார்த்தார்.

வெள்ளத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. சொந்த ஸ்டேடியம் இருந்திருந்தால் அதிலும் தண்ணீர் நின்றிருக்கும், வடிக்கிற செலவும் கிளப்பின் தலையில் விழுந்திருக்கும். மைதானம் தன்னுடையதில்லை என்பதால் அணி பையைத் தூக்கிக்கொண்டு புனேக்குப் போக முடிந்தது. அகமதாபாத் கதை வேறு. ஒரு நகரத்தின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்ட அணி, தன் முதல் ஆசியப் பயணத்தின் ஓர் ஆட்டத்தைக்கூட அந்த நகரத்தில் ஆடவில்லை. வாடகை வாழ்க்கையின் சௌகரியமும் சங்கடமும் இந்த இரண்டு சம்பவங்களிலேயே தெரிகின்றன.

வீட்டுக்காரர் யார்?

பெரியமேடு நேரு ஸ்டேடியம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சொத்து. 1993-ல் நேரு கோப்பைக் கால்பந்துக்காகத் தயாரானது. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டியை நடத்தியது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளைப் பிரதமர் தொடங்கி வைத்ததும் இங்கேதான். சுமார் 40,000 பேர் உட்காரலாம். புல்தரையைச் சுற்றி சிந்தெடிக் ஓட்டப்பாதை. தடகள வீரர்களுக்கு அது உயிர். கால்பந்து பார்க்க வருகிறவருக்கோ கோல் போஸ்ட் எங்கோ தள்ளித் தெரியும். கார்னர் கிக் அடிக்கிறவரின் முகம் பின்வரிசைக்குப் புரியாது.

ஆட்டம் இருக்கிற நாளில் அந்த இடம் நீலமாக மாறும். கிளப்பின் சின்னம் போட்ட துணி பேனர்கள் கேலரிச் சுவர்களில் ஏறும். ஓட்டப்பாதை ஓரமாக விளம்பரப் பலகைகள் வரிசையாக நிற்கும். 'மரினா அரீனா' என்று கிளப் செல்லப்பெயர் வைத்திருக்கிறது. ரசிகர் குழு ஒன்று தான் உட்காருகிற கேலரியின் பெயரையே தன் பெயராக்கி 'பி ஸ்டாண்ட் புளூஸ்' என்று சொல்லிக்கொள்கிறது. ஆட்டம் முடிந்ததும் பேனர்கள் இறங்கும். மறுநாள் காலை பழையபடி அரசு ஸ்டேடியம்.

இது சென்னைக்கு மட்டும் உள்ள நிலைமை இல்லை. கேரளா பிளாஸ்டர்ஸ் வளர்ந்த கொச்சி கலூர் ஸ்டேடியம் பெருநகரக் கொச்சி வளர்ச்சி ஆணையத்துக்குச் சொந்தம். பெங்களூரு எஃப்.சி.யின் ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம் கர்நாடக அரசினுடையது. ஜாம்ஷெட்பூர் எஃப்.சி. விதிவிலக்கு. கிளப்பும் அது ஆடும் ஜே.ஆர்.டி. டாட்டா வளாகமும் டாட்டா ஸ்டீல் குடும்பத்துக்குள்ளேயே இருக்கின்றன.

கொல்கத்தாவின் பழைய கிளப்புகளுக்காவது சொந்த மைதானம் இருக்கும் என்று நினைப்போம். 1889-ல் பிறந்த மோகன் பாகானும் 1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்காலும் நூறாண்டுகளாகக் கொல்கத்தா மைதான வெளியில்தான் கூடாரம் போட்டிருக்கின்றன. ஆனால் அந்த நிலம் ராணுவத்தின் பொறுப்பில் இருப்பது. இஷ்டம்போல் கான்கிரீட் எழுப்ப முடியாது. பெரிய ஆட்டம் என்றால் மாநில அரசின் சால்ட் லேக் ஸ்டேடியத்துக்குத்தான் போக வேண்டும். இந்தியக் கால்பந்தின் மூத்த குடும்பங்களே குடியிருப்பவர்கள்தான்.

300 கோடி கடன் வாங்கினால்?

'சொந்தமாகக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே?' என்று கேட்பவர்களுக்காக ஒரு மனக்கணக்கு. 2024-25 இந்தியன் சூப்பர் லீக் பருவத்தில் 13 அணிகள். ஒவ்வொன்றும் 24 லீக் ஆட்டங்கள் ஆடியது, அதில் 12 சொந்த ஊரில். ஆண்டின் மற்ற 353 நாளும் ஸ்டேடியத்தில் கிளப்புக்கு லீக் வேலை இல்லை.

நடுத்தர அளவில் ஒரு ஸ்டேடியம் கட்ட 300 கோடி ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 10 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 30 கோடி. 12 ஆட்டத்துக்குப் பிரித்தால் ஆட்டத்துக்கு இரண்டரைக் கோடி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 10,000 பேர் காசு கொடுத்து வந்தாலும், வட்டிக்கு மட்டுமே ஆளுக்கு 2,500 ரூபாய் வசூலிக்க வேண்டும். சில நூறு ரூபாய் டிக்கெட்டுக்கே யோசிக்கிற ஊரில் இது நடக்காது. அசலும், புல்தரைப் பராமரிப்பும், ஃப்ளட்லைட் கரண்ட் பில்லும், காவலாளி சம்பளமும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. சென்னையில் நில விலையைச் சேர்த்தால் கணக்கைப் பாதியிலேயே மூடிவிடலாம்.

வருமானமாவது நிச்சயமா என்றால், 2025-ல் நடந்ததைப் பார்க்க வேண்டும். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய எஃப்.எஸ்.டி.எல். நிறுவனத்துக்கும் இடையிலான 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. அதைப் புதுப்பிப்பதில் இழுபறி. ஜூலையில் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளையே நிறுத்திவைத்தது. லீக் 2026 பிப்ரவரியில்தான், அதுவும் சுருக்கப்பட்ட வடிவில், தொடங்கியது. அந்த மாதங்களில் சென்னை கிளப்பின் பெயரில் 300 கோடி ஸ்டேடியக் கடன் இருந்திருந்தால், கிளப் திரும்பி வந்திருக்குமா என்பதே சந்தேகம். ஆட்டம் இல்லாத மாதத்துக்கு வாடகை இல்லை, வட்டி மட்டும் காத்திருக்காது.

பணக்கார லீக்குகளிலும் சொந்தக் கட்டடம் சும்மா வரவில்லை. லண்டனின் ஆர்சனல் 2006-ல் சுமார் 39 கோடி பவுண்டு செலவில் எமிரேட்ஸ் ஸ்டேடியத்துக்குக் குடிபோனது. அடுத்த சில ஆண்டுகளில் ஆன்றி, ஃபாப்ரிகாஸ், வான் பெர்சி என்று முன்னணி வீரர்கள் ஒவ்வொருவராக விற்கப்பட்டார்கள். 2005-க்குப் பிறகு அடுத்த பெரிய கோப்பைக்கு 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்பெயினின் வலென்சியா 2007-ல் புது ஸ்டேடியம் கட்ட ஆரம்பித்தது. பணம் தீர்ந்ததால் 2009-ல் வேலை நின்றது. பாதி எழும்பிய கான்கிரீட் பதினைந்தாண்டு வெயிலில் காய்ந்த பிறகு, 2025 ஜனவரியில்தான் மறுபடி வேலை தொடங்கியது.

இந்தக் கணக்கின்படி வாடகைதான் லாபம். முதலைக் கல்லிலும் மண்ணிலும் முடக்காமல் வீரர்களிடமும் பயிற்சியிலும் போடலாம். கிளப்புக்கு உரிமம் கொடுக்கும் ஆசியக் கூட்டமைப்பின் விதிகளும் ஸ்டேடியம் சொந்தமாக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. உரிமையாளரோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் இருந்தால் போதும்.

சாவி அடுத்தவர் கையில்

2024 டிசம்பர் 29. கொச்சி கலூர் ஸ்டேடியத்தின் புல்தரையில் சுமார் 12,000 பேர் ஒன்றாகப் பரதநாட்டியம் ஆடினார்கள். கின்னஸ் சாதனைக்கான நிகழ்ச்சி. மேடையிலிருந்து எம்.எல்.ஏ. உமா தாமஸ் விழுந்து படுகாயம் அடைந்ததால் அது தலைப்புச் செய்தியானது. அந்தப் பரபரப்பில் அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. லீக் பருவத்தின் நடுவில், கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடுகிற அதே தரையில்தான் அத்தனை பேரும் நின்றார்கள். ஸ்டேடியத்தை யாருக்கு விடுவது என்பது வீட்டுக்காரரின் முடிவு, குடியிருப்பவர் தடுக்க முடியாது.

பெங்களூருவில் எதிர்ப்பக்க நியாயமும் வெளிவந்தது. கால்பந்துக்காகக் கண்டீரவா ஸ்டேடியம் ஒதுக்கப்படுவதால் தங்கள் பயிற்சி கெடுகிறது என்று தடகள வீரர்களும் பயிற்சியாளர்களும் கிளம்பினார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அவர்கள் கேட்டதில் தப்பில்லை. விடியற்காலையில் ஓட வருகிற பள்ளி மாணவிக்கு மாநிலத் தலைநகரில் அந்த ஓட்டப்பாதையை விட்டால் வேறு போக்கிடம் குறைவு. பொதுச் சொத்தில் குடியிருக்கிற தனியார் கிளப், கேள்வி வரும்போதெல்லாம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்காரர் அரசாங்கம் என்றால் அரசியலும் கூடவே குடியிருக்கும். 2013 ஆசியத் தடகளப் போட்டி சென்னையில் நடந்திருக்க வேண்டியது. இலங்கை வீரர்கள் பங்கேற்றால் நடத்த முடியாது என்று அன்றைய ஜெயலலிதா அரசு சொன்னதும் போட்டி புனேக்குப் போனது. 2018-ல் காவிரிப் போராட்டத்தின்போது சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் முடிந்த கையோடு சென்னை சூப்பர் கிங்ஸ் அணியும் புனேக்குப் பெயர்ந்தது. ரசிகர்களை ஏற்றிக்கொண்டு தனி ரயிலே போனது. சி.எஸ்.கே. தாங்கிக்கொண்டது, அதன் வருமானத்தில் பெரும்பகுதி டி.வி. உரிமையிலிருந்தும் ஸ்பான்சர்களிடமிருந்தும் வருகிறது. கால்பந்துக்கு அந்த மெத்தை கிடையாது. கேலரியில் வந்து உட்காருகிற ஆளை இழந்தால் கிளப்புக்கு மிச்சம் எதுவும் இல்லை.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. சென்னை சிட்டி எஃப்.சி. 2016-17-ல் இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்குக்கு வந்தது. பெயரில் சென்னை இருந்தாலும் பிறகு ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில், மாநகராட்சி இடத்தில். 2019 மார்ச்சில் மினர்வா பஞ்சாப்பை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. முன்கள வீரர் பெத்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தார். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. கொங்கு மண்ணில் கால்பந்து வேர்பிடிக்கும் என்று எல்லோரும் எழுதினோம். 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆனால் பெயர் ஓர் ஊரிலும் மைதானம் இன்னோர் ஊரிலும் இருந்த கிளப்புக்கு, கஷ்டகாலத்தில் 'இது எங்க டீம்' என்று வரிந்துகட்டி நிற்க ஓர் ஊர் முழுசாக வாய்க்கவில்லை என்பதும் உண்மை.

இங்கிலாந்தில் இதைவிடக் கசப்பான கதைகள் உண்டு. 1988-ல் எஃப்.ஏ. கோப்பை வென்ற விம்பிள்டன், 1991-ல் தன் ப்ளவ் லேன் மைதானத்தை விட்டு கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் போனது. 1998-ல் பழைய இடமும் விற்கப்பட்டது. வேரில்லாத கிளப்பை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவது சுலபம். 2003-ல் அது மில்டன் கீன்ஸ் நகரத்துக்கே போய்விட்டது. கொதித்துப்போன ரசிகர்கள் அதற்கு முந்தைய ஆண்டே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதுக் கிளப்பைத் தொடங்கியிருந்தார்கள். அடிமட்ட லீக்கிலிருந்து ஏறி வந்து, 2020-ல் ப்ளவ் லேனிலேயே புது ஸ்டேடியம் கட்டித் திரும்பினார்கள்.

கவென்ட்ரி சிட்டி 2005-ல் பழைய மைதானத்தை விட்டு, கிளப்புக்குச் சொந்தமில்லாத புது அரங்கத்தில் வாடகைக்கு உட்கார்ந்தது. ஆண்டு வாடகை 10 லட்சம் பவுண்டுக்கும் மேல். டிக்கெட் விற்ற காசு கிளப்புக்கு வந்தாலும், அரங்கத்தின் மற்ற வருமானமெல்லாம் அரங்கத்தை நடத்துகிறவர்களுக்கே போனது. 2012-ல் வாடகை கொடுப்பதை நிறுத்தியது. தகராறு முற்றி, 2013-14 பருவத்தை நார்த்தாம்டனில் ஆடியது. பிறகு அரங்கம் வாஸ்ப்ஸ் என்ற ரக்பி கிளப்பின் கைக்குப் போனது. 2019 முதல் இரண்டு பருவம் பர்மிங்காமில் ஓடின. இருபது ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு 2025 ஆகஸ்டில் அரங்கத்தைக் கிளப்பே வாங்கியது.

99 ஆண்டு, 250 ஆண்டு

இதே இங்கிலாந்தில் வாடகைக்கு இருந்துகொண்டே கோடீஸ்வரரான கிளப்பும் இருக்கிறது. மான்செஸ்டர் சிட்டி ஆடும் எத்திஹாட் ஸ்டேடியம் 2002 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டப்பட்டது. உரிமையாளர் மான்செஸ்டர் நகர மன்றம். 2003-ல் கிளப் குடிவந்தபோது குத்தகைக் காலம் 250 ஆண்டு! போட்டி முடிந்ததும் ஓட்டப்பாதையை எடுத்துவிட்டுத் தரையைத் தோண்டி இறக்கி, கூடுதல் இருக்கைகள் போட்டார்கள். ஸ்டேடியத்தின் பெயர் உரிமை எத்திஹாட் விமான நிறுவனத்துக்கு 2011-ல் போனபோது லாபம் கிளப்புக்கு வந்தது. வாடகை கட்டுகிறவரே கேலரியை உயர்த்துகிறார், பெயரை விற்கிறார். பத்திரத்தில் உரிமையாளர் பெயர் வேறு என்பதைத் தவிர எல்லாமே கிளப்பின் கையில்.

வெஸ்ட் ஹாம் அதைவிடச் சாமர்த்தியம். 2012 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டிய லண்டன் ஸ்டேடியத்தை 2016 முதல் 99 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. தொடக்க வாடகை ஆண்டுக்கு சுமார் 25 லட்சம் பவுண்டு. ஆட்ட நாள் செலவுகளில் பெரும்பகுதி வீட்டுக்காரர் பொறுப்பு. விளைவு, பொதுப் பணத்தில் கட்டிய ஸ்டேடியம் ஆண்டுதோறும் நஷ்டம் காட்டுகிறது, வரி கட்டுகிறவர் முனகுகிறார். ஆனால் பழைய அப்டன் பார்க் மைதானத்தில் தொட்டுவிடும் தூரத்தில் ஆட்டம் பார்த்துப் பழகிய ரசிகர்களுக்கும் திருப்தி இல்லை. ஓட்டப்பாதைக்கு அந்தப் பக்கம் தூரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள் என்ற மனக்குறை போகவில்லை. பெரியமேட்டில் பின்வரிசையில் உட்காருகிறவருக்கு அது நன்றாகப் புரியும்.

இத்தாலியின் யுவென்டஸ் நடுவழி கண்டது. 1990 உலகக் கோப்பைக்குக் கட்டிய டெல்லே ஆல்ப்பி ஸ்டேடியத்தில் ஓட்டப்பாதையும் காலி இருக்கைகளும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. டூரின் நகர நிர்வாகத்திடம் அந்த இடத்தை 99 ஆண்டுக்குப் பெற்று, பழையதை இடித்து, அளவில் சிறிய கால்பந்து ஸ்டேடியம் ஒன்றைக் கட்டி 2011-ல் திறந்தது. தொடர்ந்து ஒன்பது லீக் பட்டங்கள். பட்டங்களை ஸ்டேடியம் வாங்கித் தந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கஜானாவுக்கு அது உதவியது. மிலானிலோ, நகராட்சியின் சான் சிரோ ஸ்டேடியத்தில் பல தலைமுறையாக வாடகைக்கு இருந்த ஏ.சி. மிலானும் இன்டரும் சேர்ந்து 2025-ல் அதை 19 கோடி 70 லட்சம் யூரோவுக்கு வாங்கிக்கொண்டன.

இத்தனை கதைகளையும் வரிசையாக வைத்தால் ஒன்று புரியும். ஜெயித்த கிளப்புகளில் வாடகைக்காரரும் உண்டு, தோற்ற கிளப்புகளில் சொந்தக்காரரும் உண்டு. கிளப்பின் தலைவிதியைத் தீர்மானித்தது குத்தகைக் காலம் எவ்வளவு, தேதி யாருக்கு, காசு யாருக்கு என்ற மூன்று ஷரத்துகள்.

சேப்பாக்கம் கற்ற பாடம்

நீண்ட குத்தகை எடுத்தால் மட்டும் எல்லாம் சுபம் என்று நினைத்துவிடக் கூடாது. சேப்பாக்கம் எம்.ஏ. சிதம்பரம் ஸ்டேடியம் அரசு நிலத்தில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் குத்தகையில் நிற்கிறது. 2011 உலகக் கோப்பைக்காகச் சங்கம் பெரும் செலவில் புது கேலரிகள் எழுப்பியது. அதில் ஐ, ஜே, கே என்ற மூன்று ஸ்டாண்டுகளுக்குக் கட்டட அனுமதிச் சிக்கல். ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தன. சென்னையில் நடக்க வேண்டிய 2019 ஐ.பி.எல். இறுதி ஆட்டம் அந்த ஸ்டாண்டுகளைத் திறக்க முடியாததாலேயே ஹைதராபாத்துக்குப் போனது. இதற்கு நடுவில், 2015-ல் குத்தகைக் காலமும் முடிந்துபோனது.

2021-ல் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டின்போது அந்த ஸ்டாண்டுகளில் மறுபடி ரசிகர்கள் உட்கார்ந்தார்கள். குத்தகையும் புதுப்பிக்கப்பட்டது. காலம் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை வந்ததும் சங்கம் மறுபடி செலவு செய்தது. 2023 மார்ச்சில் புது ஸ்டாண்டை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். நாளைக்குக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயத்தில் இருக்கிறவர் சுவருக்கு வெள்ளையடிக்க மாட்டார். முப்பது ஆண்டு இருப்போம் என்று தெரிந்தால் அவரே கூரை மாற்றுவார். குத்தகைக் காலத்துக்கும் முதலீட்டுக்கும் உள்ள இந்த உறவைத்தான் கால்பந்து கிளப்புகள் பேரத்தில் முன்வைக்க வேண்டும்.

ஆரணித் தறியும் செய்யாறு கிரவுண்டும்

ஆரணியில் பட்டு நெய்கிற பல வீடுகளில் தறி சொந்தம். பாவும் ஊடையும் ஜரிகையும் பட்டு முதலாளி கொடுத்தது. டிசைன் அவருடையது, விற்பதும் அவர். நெய்கிறவருக்குக் கூலி. தறி சொந்தமாக இருந்தும் சேலையின் லாபம் நெய்தவர் வீட்டில் தங்குவதில்லை. நூலும் சந்தையும் யார் கையிலோ, லாபமும் அவர் கையில். ஸ்டேடிய விஷயமும் அப்படித்தான். கட்டடம் யார் பெயரில் இருக்கிறது என்பதைவிட டிக்கெட், விளம்பரப் பலகை, சாப்பாட்டுக் கடை, பார்க்கிங், பெயர் உரிமை ஆகிய ஐந்தும் யார் கல்லாவில் விழுகின்றன என்பதுதான் கேள்வி.

பெரிய கிளப்புகளை விடுங்கள். செய்யாறு, ஆரணி, வந்தவாசி பக்கம் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் ஆடுகிற பையன்களுக்கும் இதே பிரச்சினைதான். அரசுப் பள்ளி கிரவுண்டுதான் அவர்களின் ஸ்டேடியம். வாரா வாரம் யாரையாவது பார்த்துக் கேட்க வேண்டும்.

"சார், வர்ற ஞாயித்துக்கிழமை கிரவுண்டு எங்களுக்குத்தானே?"

"பரீட்சை டூட்டி வருதுப்பா. எச்.எம்.கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன். போன தடவை மாதிரி கோல் போஸ்ட்டுக்குக் குழி தோண்டிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிடாதீங்க."

இந்தப் பேச்சில் இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த வாரம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற நிலையில் குழியை மூடி மண்ணைச் சமப்படுத்த யாருக்கும் அக்கறை வராது. தரையைப் பாழாக்குகிறவர்களுக்கு மறுபடி கொடுக்கத் தலைமை ஆசிரியருக்கும் மனம் வராது. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் 3 கோடி ரூபாயில் மினி ஸ்டேடியம் என்பது தமிழக அரசின் திட்டம். கட்டி முடித்துக் கல்வெட்டு வைப்பதோடு நின்றால், அங்கேயும் சாவி கேட்டு அலைகிற கதைதான் நடக்கும். உள்ளூர் கிளப்போடு மூன்றாண்டுக்கு ஒரு கடிதம் போட்டு, எந்த நாள் மாலை யாருக்கு, புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று எழுதிக்கொண்டால் மைதானமும் பிழைக்கும், அணியும் பிழைக்கும்.

என்ன செய்யலாம்?

சென்னையின் எஃப்.சி. மாதிரியான கிளப் இன்று சொந்த ஸ்டேடியம் கட்டக் கிளம்பினால் அது தற்கொலை. லீக்கின் எதிர்காலமே ஆண்டுக்கு ஆண்டு ஊசலாடும்போது கடன் வாங்கக் கூடாது. அதே நேரம், ஆட்ட நாளுக்கு ஆட்ட நாள் மைதானம் எடுக்கிற இப்போதைய ஏற்பாட்டிலும் எதுவும் வளராது. இரவு பேனரைக் கழற்றிக்கொண்டு போகிற கிளப் அடுத்த தலைமுறை ரசிகரைச் சேர்க்க முடியாது.

நேரு ஸ்டேடியத்தைக் கால்பந்துக்கே எழுதிக்கொடு என்று கேட்பதும் நியாயமில்லை. அந்த ஓட்டப்பாதை தடகளக்காரர்களின் உரிமை. 40,000 இருக்கைகள் கால்பந்துக்கு இப்போதைக்குத் தேவையும் இல்லை. சென்னைக்குள்ளோ புறநகரிலோ அரசு நிலத்தில் 10,000, 15,000 பேர் உட்காரும் கால்பந்துக்கு மட்டுமான சிறிய அரங்கம் போதும். நிலம் அரசின் பெயரிலேயே இருக்கட்டும். கிளப்புக்கு 25, 30 ஆண்டு குத்தகை. லீக் அட்டவணை வந்ததும் அந்தத் தேதிகள் கிளப்புக்குப் பூட்டப்பட வேண்டும். கல்யாண ரிசப்ஷனுக்கும் கச்சேரிக்கும் மிச்ச நாட்கள்தான், அதுவும் தரைக்குச் சேதம் வராத ஏற்பாட்டோடு. கடை, விளம்பரம், பெயர் உரிமை வருமானத்தில் பெரும்பங்கு கிளப்புக்கு. அதற்கு ஈடாகப் பராமரிப்புச் செலவு முழுவதும் கிளப்பின் பொறுப்பு. வருமானம் ஓர் அளவைத் தாண்டினால் அரசுக்கும் பங்கு உண்டு என்று எழுதிவிட்டால், லண்டனில் வரி கட்டுகிறவர் முனகுகிற முனகல் இங்கே கேட்காது.

இன்னொரு ஷரத்தையும் விடக் கூடாது. வார நாட்களில் குறிப்பிட்ட மணி நேரம் அரசுப் பள்ளி அணிகளுக்கும் பெண்கள் கிளப்புகளுக்கும் இலவசம். பொது நிலத்தை வைத்துக்கொண்டிருக்கிற கிளப் பொதுமக்களுக்குச் செலுத்துகிற வாடகை இது. செய்யாற்றிலிருந்து காலை பஸ் ஏறி வருகிற பள்ளி அணி அந்தப் புல்தரையில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போனால், அந்தப் பையன்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் அடுத்த பருவத்துக்கு டிக்கெட் வாங்குவார்கள். கிளப்புக்கு இதைவிட மலிவான விளம்பரம் கிடைக்காது.

வாடகையில் இருப்பது கிளப்புக்கு லாபமா என்ற கேள்விக்கு என் பதில் இது: இந்தியாவின் இன்றைய கால்பந்தில் லாபம்தான், ஆனால் கையில் எழுதப்பட்ட ஆண்டுகள் இருந்தால் மட்டும். ஒருநாள் வாடகை பணத்தை மிச்சம் பிடிக்கும், கிளப்பை வளர்க்காது. அடுத்தமுறை கிளப்பும் அரசும் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்காரும்போது, வாடகை எவ்வளவு என்பதை அஜெண்டாவின் கடைசி வரியாக வைக்கட்டும். எத்தனை ஆண்டு என்பதை முதலில் பேசி முடிக்கட்டும்.